உயிரோடிருந்தவருக்கு ஒன்பதாம் இரவு

உலகத்தில் மிகுந்த வல்லமை படைத்தவர் யார் என்ற கேள்விக்கு இதுவரை தப்பான விடைகளே சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பிரதம மந்திரி என்பார் சிலர். பாங்கி மேனேஜர் என்பார் சிலர். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணி என்பார்கள் அனுபவப்பட்டவர்கள். அத்தனையும் பிழை. உண்மையான வல்லமை, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத தகப்பனாரிடமே இருக்கிறது. வீட்டிலிருக்கும் தகப்பன் என்ன பெரிதாகச் சாதித்துவிட முடியும்? பால் வாங்கி வரலாம், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கலாம், அதற்கும் பாட்டு வாங்கலாம். இல்லாத தகப்பனோ, இருக்கிற இடமே தெரியாமல் இருந்துகொண்டு, சுண்டு விரலைக்கூட அசைக்காமல், ஒரு குழந்தையை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போகவிடாமல் நிறுத்திவிடுவார்.

ஜமைக்காவில், கம்ஃபர்ட் ஹில்லில் வசித்த வினெட் இந்தத் தத்துவத்தைச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டாள். அவள் வயோதிகர் விடுதியில் உதவியாளராக வேலை பார்த்தவள். கிழவர்களைக் குளிப்பாட்டி, திட்டு வாங்கி, மறுபடி குளிப்பாட்டுகிற வேலை. அதே வேலையைப் பனிக்கு நடுவே செய்வதற்குக் கனடாவில், சஸ்கச்சுவான் என்ற பக்கத்தில், அவளை அழைத்திருந்தார்கள். அங்கே திட்டும் சம்பளமும் இரண்டுமே அதிகம் என்று கேள்வி. அவளோடு அவளுடைய ஒன்பது வயது மகள் கெரிஸாவும் வரலாம். தேவைப்பட்டது ஒரே ஒரு தாள். குழந்தையை அழைத்துப்போகத் தகப்பனாருக்கு ஆட்சேபணை இல்லை என்று அவருடைய கையெழுத்தும், அதைக் கண்ணால் பார்த்ததாக ஒரு ஜே.பி.யின் முத்திரையும்.

வினெட் இதுவரை கெரிஸாவுக்காகப் போட்ட கையெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் தேறும். தடுப்பூசிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு, பல் பிடுங்கியதற்கு என்று எல்லாவற்றிலும் அவள் பெயர்தான். அவை எல்லாம் செல்லாக் காசு. குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருந்தபோது சிகரெட் வாங்கப் போன லின்வால் அகஸ்டஸ் பியர்ட் என்பவரின் ஒற்றைக் கையெழுத்துதான் தங்கம்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனாள். குழந்தை அவள் பொறுப்பில் மட்டும் என்று தீர்ப்பு வாங்க ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்றார் வக்கீல். கனடாக் கிழவர்கள் அவ்வளவு காலம் தாங்க மாட்டார்கள். ஜூன் மாதத்துக்குள் வந்து சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"பிள்ளைய யாராச்சும் சித்தி கிட்ட விட்டுட்டு நீ மட்டும் போயேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே போறாங்க" என்று யோசனை சொல்லாதவர்கள் கிடையாது.

வினெட்டின் அம்மாவும் அப்படித்தான் போனாள், நியூயார்க்குக்கு. அப்போது வினெட்டுக்கு ஆறு வயது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு பெரிய பீப்பாய் வரும். அரிசி, சோப்பு, பொம்மை, செருப்பு. அந்தச் செருப்பு ஒவ்வொரு வருஷமும் ஓர் அளவு சின்னதாக இருக்கும். விட்டுவிட்டு வந்த காலைத்தான் அம்மா நினைவில் வைத்திருந்தாள். வளர்ந்துகொண்டிருந்த காலை அவள் பார்க்கவில்லை. அம்மாவின் மேல் வினெட்டுக்குக் கோபம் இல்லை. ஆனால் தன் மகளுக்குப் பீப்பாயில் பாசம் அனுப்புவதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள். போனால் இருவரும், இல்லாவிட்டால் இருவரும் இல்லை.

ஆகவே லின்வாலைத் தேடும் படலம் ஆரம்பமாயிற்று.

முதலில் வக்கீலின் குமாஸ்தா தலைநகரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். கழுத்துப் பட்டை, தோல் பை, கையில் முழுப்பெயர். கம்ஃபர்ட் ஹில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் யாரையும் ஞானஸ்நானப் பெயரால் அழைக்கும் வழக்கம் கிடையாது. அந்தப் பெயர் பாதிரியாருக்கும் போலீசுக்கும் மட்டும் சொந்தம். மற்றவர்களுக்கெல்லாம் லின்வால் பியர்ட் வெறும் 'டம்ப்ளிங்'. வேகவைத்த மாவுருண்டைக்கு இருக்க வேண்டிய வழவழப்பும் பருமனும் அவரிடம் குறைவில்லாமல் இருந்தன. குமாஸ்தாவுக்கு அது தெரியாது. தேடுதல் முடிந்து அவர் எழுதி அனுப்பிய அறிக்கையின் கடைசிப் பத்தியை வினெட் மூன்று முறை படித்தாள்.

'லின்வால் அகஸ்டஸ் பியர்ட் என்ற நபரை இப்பகுதியில் ஒருவரும் அறியார். இத்தேடுதலில் டம்ப்ளிங் என்ற அன்பர் தமது சொந்த வேலையை விட்டுவிட்டு, நாள் முழுதும் எமது காரிலேயே அமர்ந்து, எல்லா மதுக்கடைகளையும் காட்டி, பூரண ஒத்துழைப்பு நல்கினார். மதிய உணவு எமது செலவு.'

அந்த அன்பர் அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து வினெட் ஊரின் ஜே.பி.யிடம் போனாள். ஜே.பி. என்றால் சம்பளமில்லாத நீதிமான். அவர் முத்திரை குத்தாமல் இந்தத் தீவில் ஒரு தாளும் தாளாகாது. எங்கள் ஜே.பி. யூஸ்டஸ் பிரிசெட் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டுதான் குளிக்கப் போவார் என்று பேச்சு. ஊருக்கு அவர் 'மாஸ்', அதாவது ஐயா.

"மாஸ் யூஸ்டஸ், அவன் எங்க இருக்கான்னே தெரியலன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்களேன். கனடாக்காரங்க அதையாச்சும் பாப்பாங்க."

"எழுதலாம் மிஸ் வினெட். எழுதலாம். ஆனா ஒரு சிக்கல். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவனை நான் பாத்தேன்."

"எங்க?"

"அதுதான் ஞாபகமில்ல. பாத்தவன் பாக்கலன்னு எழுதினா அது பொய். எங்க பாத்தேன்னு எழுதறதுக்கு ஞாபகமில்ல. ஆக நான் எதையும் எழுத முடியாத ஒரு நேர்மையான நிலைமைல இருக்கேன்."

இத்தகைய நேர்மையின் முன்னால் யாரால் வாதாட முடியும்? வினெட் திரும்பி நடந்தாள். வழியில் மிஸ் டல்சியின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள்.

மிஸ் டல்சி அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். அவளுக்கு எல்லா யோசனையும் அகப்பை கையில் இருக்கும்போதுதான் வரும்.

"அழாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிள்ள பொறந்தப்ப அவன் வந்தானா?"

"இல்ல."

"ஞானஸ்நானத்துக்கு?"

"கேக் வெட்டறப்ப வந்தாரு."

"டெங்குல கெடந்தப்ப?"

"மிஸ் டல்சி, சும்மா இருங்களேன்."

"சரி, இப்ப யோசிச்சுச் சொல்லு. இந்த மூணு வட்டாரத்துல எந்தச் சாவு வீட்டையாச்சும் அந்தத் தடியன் விட்டிருக்கானா?"

வினெட் யோசித்தாள். கண்ணீர் நின்றுவிட்டது. விட்டதே இல்லை. இறந்தவரை ஊர் கூடிப் பாட்டும் விருந்துமாக வழியனுப்புகிற ஒன்பதாம் இரவு எங்கே நடந்தாலும், டோமினோ ஆடும் மேஜையில் முதல் நாற்காலி டம்ப்ளிங்குடையது. ஒரு தடவை ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் போனபோதுகூட, பூட்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து போய், முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக மனமுருகிப் பாடி, ஆட்டுத்தலை சூப் நாலு கிண்ணம் குடித்துவிட்டு வந்தவர்.

"ஆனா இப்ப யாரும் சாகலியே, மிஸ் டல்சி."

"யாராச்சும் செத்துத்தான் ஆகணும்னு சட்டமா போட்டிருக்கு?"

"பின்ன யாருக்கு வைக்கறது?"

"உசுரோட இருந்து யாருக்கும் பிரயோசனமில்லாத ஆளா பாத்து ஒருத்தன் பேரச் சொல்லேன்."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"தன்னோட சாவுக்கே வருவாரா?" என்று வினெட் கேட்டாள்.

"வராம? தனக்கு எத்தன ஆடு வெட்டினாங்க, யார் யார் அழுதாங்கன்னு பாக்காம அவனுக்குத் தூக்கம் வருமா? மானப் பிரச்சினடி அது."

"பொய்யில்லையா மிஸ் டல்சி? ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறவ நான்."

"பொய் சொல்லப் போறது நான். நீ கறுப்பு கவுனப் போட்டுக்கிட்டு சும்மா உக்காரு. அதுல பாவம் இல்ல. ஆடு என்னோடது. நீ கனடா போறப்ப உன் ஐஸ்பெட்டிய எனக்குக் குடுத்துட்டுப் போ."

மிஸ் டல்சி சாவுச் செய்தியை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். டாக்சி ஓட்டுகிற பையனிடம், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. மறுநாள் பொழுது சாய்வதற்குள் மூன்று வட்டாரமும் துக்கத்தில் ஆழ்ந்தது. எப்படி இறந்தார் என்பதில் கருத்து வேற்றுமை இருந்தது. லாரி என்றார்கள் சிலர், மின்னல் என்றார்கள் சிலர், கேமன் தீவில் ஒரு பெண்ணின் புருஷன் என்றார்கள் விவரமறிந்தவர்கள். இறந்ததில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

பெற்ற பிள்ளையிடம் மட்டும் வினெட் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

கெரிஸா ஜடையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "செத்துப்போனாத்தான் வருவாரா?"

"அப்படித்தான் நினைக்கிறோம்."

"அப்ப சரி" என்று அவள் கணக்கைத் தொடர்ந்து போட்டாள்.

குறித்த நாளன்று பிற்பகலிலேயே முற்றத்தில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டோமினோ மேஜைகள் வந்தன. வெள்ளை ரம் வந்தது. விறகடுப்பில் ஏற்றிய பெரிய அண்டாவில் ஆட்டுத்தலையும் குடலும் பச்சை வாழைக்காயும் கொதிக்க ஆரம்பித்தன. வெயில் தாழ்வதற்குள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. உடல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை ஆடு என்று எல்லோரும் கேட்டார்கள்.

முன்பின் பார்த்திராத ஒரு பெண், கையில் இரண்டு பையன்களோடு, வினெட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் நொவ்லெட், மலைக்கு அந்தப் பக்கம்.

"நீங்கதான் பெரியவங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"எதுல பெரியவ?"

"டம்ப்ளிங் விஷயத்துல. இவங்க ரெண்டு பேரும் அவரோடதுதான். இங்கிலாந்துல எங்கக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இவரு கையெழுத்தில்லாம மூணு வருஷமா நிக்குது. இப்ப ஆண்டவனா பாத்து ஒரு வழி பண்ணிட்டான். அந்தச் சாவு சர்ட்டிஃபிகேட்ல எனக்கு ஒரு நகல் குடுப்பீங்களா அக்கா?"

அவள் முகத்திலிருந்த நன்றியைப் பார்க்க வினெட்டுக்கு மனம் வரவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னர் புகழுரைகள். இறந்தவரைக் குறைத்துப் பேசுவது எங்கள் ஊரில் மகா பாவம். இருப்பவரைக் குறைத்துப் பேசுவது பொழுதுபோக்கு. சைக்கிள்காரர் எழுந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தருவதாக வாங்கிப் போன தம்முடைய சைக்கிளை டம்ப்ளிங் இன்றுவரை 'தன் சொந்தச் சைக்கிளைப் போலவே' பாதுகாத்தார் என்று தழுதழுத்தார். மாதர் சங்கத் தலைவி, அவர் பெண்களை மிகவும் மதித்தார், ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்றாள். வினெட்டையும் எழுப்பிவிட்டார்கள். அவள் பொய் சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுந்தாள்.

"அவர் எங்க வீட்ல ஒருநாளும் சத்தம் போட்டதில்ல. பிள்ளமேல ஒருநாளும் கை ஓங்கினதில்ல. சாப்பாடு சரியில்லன்னு கடந்த எட்டு வருஷமா ஒரு வார்த்த சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் விம்மினார்கள். கடைசியாக யூஸ்டஸ் பிரிசெட், ஜே.பி., மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்து பக்கங்களோடு எழுந்தார்.

"லின்வால் பியர்ட் ஒரு தகப்பன்! சாதாரணத் தகப்பன்கள் பிள்ளைகளின் படிப்பில் குறுக்கிடுகிறார்கள். இவர் குறுக்கிட்டாரா? இல்லை! சாதாரணத் தகப்பன்கள் பிள்ளைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள். இவர் கெடுத்தாரா? இல்லை! தூரத்தில் நின்றே வழிநடத்தினார், கலங்கரை விளக்கத்தைப்போல! இப்படிப்பட்ட தகப்பனின் நிழலில் வளர்ந்த அந்தப் பெண் குழந்தை..."

அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரும் கேவல் கேட்டது. கறுப்பு சூட்டும் கறுப்புத் தொப்பியுமாக, ஒரு கையில் சூப் கிண்ணமும் மறு கையில் கைக்குட்டையுமாக, கன்னங்களில் கண்ணீர் வழிய, பருமனான ஒரு மனிதர் வெளியே வந்தார்.

"நான் இவ்வளவு நல்லவன்னு எனக்கே தெரியாம போச்சே!" என்றார் லின்வால் பியர்ட்.

முற்றம் ஒரு நொடியில் காலியாயிற்று. மாதர் சங்கத் தலைவி மாமரத்தின் மேல் இருந்தாள். எப்படி ஏறினாள் என்பது இன்றுவரை தெரியவில்லை. "ஆவி! ஆவி!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அலறினார்கள்.

ஜே.பி. மட்டும் நகரவில்லை. துணிச்சல் என்று எண்ண வேண்டாம். "உக்காரு லின்வால். இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றார்.

"எல்லாரும் உள்ள வாங்க! ஆவியா இருந்தா உப்புத் தொடுமா?" என்று மிஸ் டல்சி கத்தினாள். "இவன் வந்ததுலேருந்து என் அண்டாவுல மூணு கிண்ணம் மொண்டுட்டான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உப்பு தூக்கலாவே போட்டிருக்கேன்!"

ஆவிகள் உப்பைத் தொடா என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது. நொவ்லெட் மட்டும், "உசுரோடவா இருக்காரு?" என்று இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். அந்த முற்றத்தில் உண்மையான துக்கம் அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

லின்வால் கைகளை விரித்தார். "எங்க என் மக? அப்பா கிட்ட வாடி கண்ணு!" என்று சைக்கிள்காரரின் மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது அலறிற்று.

"அது உங்க மக இல்ல. இந்தப் பக்கம் நிக்கறா" என்றாள் வினெட்.

தப்பைத் திருத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை. சைக்கிள்காரரின் மகளை இறக்கிவிட்டார். கெரிஸா அம்மாவின் கவுனுக்குப் பின்னால் போய்விட்டதால் காற்றைத்தான் அணைத்தார். வினெட் காத்திருக்கவில்லை. தாளை நீட்டினாள்.

"ஒரு கையெழுத்து போடுங்க. ஜூனுக்குள்ள நாங்க கெளம்பணும்."

லின்வால் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஜே.பி.யின் கையிலிருந்த ஐந்து பக்கங்களைப் பார்த்தார். மார்பை நிமிர்த்தினார்.

"முடியாது வினெட்."

"என்னது?"

"நேத்து கேட்டிருந்தா போட்டிருப்பேன். நேத்து நான் யாருன்னு எனக்கே தெரியாது. இப்ப மாஸ் யூஸ்டஸ் சொன்னதக் கேட்டியா? கலங்கரை விளக்கம்! கப்பலத் தூரமா அனுப்பிட்டு விளக்கு மட்டும் இங்க நின்னு என்ன பண்றது? பனில என் பிள்ளைய நடுங்க விட்டு, நான் இங்க எப்படி சோறு தின்பேன்?"

ஜே.பி. தாமே எழுதிய உவமை இவ்வளவு ஆழமாக வேலை செய்ததில் பெருமை கொண்டு தலையாட்டினார்.

அந்தக் கணம் வினெட்டுக்கு அவரை நிஜமாகவே புதைத்துவிடலாம் என்று தோன்றியது. மண்வெட்டி பக்கத்தில்தான் இருந்தது. அப்புறம் ஒரு தந்திரம் தோன்றியது. 'சரி, பிள்ளையை நீயே வைத்துக்கொள், நான் மட்டும் போகிறேன்' என்று சொன்னால் போதும், மனிதர் அரை நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலை இறங்கிவிடுவார். வாயைத் திறந்தாள். கெரிஸா அவள் கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையைப் பொய்யாகக்கூட அந்தப் பிள்ளையின் காதில் போட வினெட்டால் முடியவில்லை. ஆறு வயதில் தன் அம்மாவிடம் அதை மெய்யாகவே கேட்டவள் அவள். வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

டணார் என்று ஒரு சத்தம். மிஸ் டல்சி அண்டாவை மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, மூடிமேல் பலகையைப் போட்டு, பலகைமேல் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அகப்பை மடியில் இருந்தது.

"சாவு வீட்டுக்குத்தான் நான் ஆடு வெட்டினேன். செத்தவன் எழுந்துட்டான். அதனால சாவு கெடையாது, சூப்பும் கெடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

முற்றத்தில் அப்படி ஒரு மௌனம் இறந்தவருக்காகக்கூட அனுஷ்டிக்கப்படவில்லை.

"மிஸ் டல்சி, நான் மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து நடந்து வந்திருக்கேன்!" என்றார் ஒருவர்.

"அவன் கையெழுத்து போடட்டும். அப்புறம் இது பிள்ளைய வழியனுப்பற விருந்து. மூடியத் தொறக்கறேன். போடலன்னா இல்ல."

இப்போது ஊரின் அறச்சீற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்தக் குழந்தைக்குத் தகப்பன் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காத நல்லவர்கள், அண்டாவின் மூடி விழுந்த மாத்திரத்தில் நீதியின்மேல் பசி கொண்டார்கள்.

"வெக்கமா இல்லயாடா டம்ப்ளிங்? பிள்ளையோட எதிர்காலத்துல மண்ணப் போடறியே!" என்று மாமரத்திலிருந்து மாதர் சங்கத் தலைவி.

"என் சைக்கிள் எங்கடா?" என்று சைக்கிள்காரர்.

"சூப் ஆறுது! போடுடா கையெழுத்த!" என்று ஊரே.

லின்வால் ஜே.பி.யைப் பார்த்தார். "மாஸ் யூஸ்டஸ், நீங்கதானே சொன்னீங்க நான் நல்ல தகப்பன்னு?"

"சொன்னது செத்தவனப் பத்தி. உசுரோட இருக்கறவனுக்கு அது பொருந்தாது" என்று ஜே.பி. பையைத் திறந்து முத்திரையை எடுத்தார். அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஆனால் சட்டம் சட்டம்தானே. சற்று முன்னால் பகிரங்கமாக இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட ஆளின் கையெழுத்துக்கு எப்படிச் சாட்சி போடுவது? ஜே.பி. சிறிது யோசித்து, தாளின் கீழே தம் கைப்பட எழுதினார்: 'மேற்படியார் உப்பிட்ட சூப்பை மூன்று கிண்ணம் பலர் முன்னிலையில் உட்கொண்டபடியால் உயிருடன் உள்ளார் என உறுதி கூறுகிறேன்.' பிறகு லின்வாலிடம் பேனாவைக் கொடுத்தார்.

"பிள்ளையோட பேரை உன் கையால எழுதணும். எழுது. 'என் மகள்...'"

பேனா 'மகள்' வரைக்கும் ஓடி நின்றுவிட்டது. லின்வால் மேலே பார்த்தார். வானத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை.

"வீட்ல கூப்பிடற பேரா, பள்ளிக்கூடத்துப் பேரா?" என்று கேட்டார்.

"ரெண்டுல எது தெரியுமோ அத எழுதுங்க" என்றாள் வினெட்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கெரிஸாதான் முன்னால் வந்து, டீச்சரைப்போலப் பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார். ஜே.பி. முத்திரையை ஊதிக் குத்தினார். நொவ்லெட் கைப்பையைத் திறந்து, மூன்று வருஷமாக மடித்து வைத்திருந்த தன்னுடைய தாளையும் நீட்டினாள், அதுவும் ஆயிற்று. அவளுடைய பையன்களின் பெயரை ஜே.பி. அவளிடம் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார், சூப் மேலும் ஆறிவிடக் கூடாது என்று. மூடி திறந்தது. அன்றைய விருந்தில் டம்ப்ளிங் இன்னும் இரண்டு கிண்ணம் குடித்தார் என்று தெரிகிறது. விடிந்ததும் ஆளைக் காணவில்லை.

விசா வந்தது. ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். எங்கள் கோயிலில் அன்று ஒரு தகப்பனுக்குக் கழுத்துப் பட்டை பரிசளிப்பது வழக்கம். 'தியாகத் தந்தை' யார் என்று தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஜே.பி. தலைவர். விவாதமே நடக்கவில்லை. தான் பெற்ற செல்வத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்து, தேசம் கடந்து அனுப்பிவைத்த ஒருவருக்கு அல்லாமல் வேறு யாருக்கு?

"எண்ணிப் பாருங்கள்! தாயானவள் குழந்தையை அழைத்துக்கொண்டு போகிறாள், அவளுக்கென்ன? இழப்பவர் யார்? தகப்பன்!" என்று மேடையில் ஜே.பி. முழங்கினார். முன்வரிசையில் வினெட் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சபை மூக்கைச் சிந்தியது. நாளைக்கு இந்நேரம் விமானத்தில் இருப்போம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பரிசு பெறுபவருக்கென்று மேடையில் ரிப்பன் கட்டிய நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். நிச்சயம் வருவதாக லின்வால் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வட்டாரத்தில் அன்றைக்கு ஒரு சாவு. ஜே.பி. காலி நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தந்தை சார்பில் மகள் வந்து பெற்றுக்கொள்வாள் என்று அறிவித்தார்.

கெரிஸா மேடையேறினாள். முழங்காலை வளைத்து மரியாதை செய்து, கழுத்துப் பட்டையை வாங்கிக்கொண்டாள். "அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்று ஜே.பி. மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார். அவள் ரிப்பன் நாற்காலியிடம் போய், அதன் முதுகில் கழுத்துப் பட்டையைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, கோணாமல் நேராக்கிவிட்டு, மைக்குக்குத் திரும்பி வந்தாள்.

"இவருதான் எங்கப்பா. என் பள்ளிக்கூட விழாவுக்கெல்லாம் இவருதான் வருவாரு. ஒருநாளும் வராம இருந்ததில்ல."

மைக்கில் யார் எது சொன்னாலும் சொல்லிப் பழகிய சபை, ஒரே குரலில், "ஆமென்" என்றது.